பதினேழாம் உருப்படி

சிவப்புப் பேனையால் வெட்டியது நான்தான்.
பதினேழாம் உருப்படி:
சல்லித் தூண், வடிதுணி சுற்றியது,
விட்டம் ஒன்றரை அடி, ஆழம் இருபத்தாறு அடி,
எண்ணிக்கை நூற்றுப் பன்னிரண்டு.
கருங்கல் வவுனியாவிலிருந்து வரவேண்டும்.
லொறிக் கூலி தனி.

குருநகரில், களப்பை நிரப்பி எடுத்த காணி.
கீழே மீன் குளிரறை,
மேலே சங்கத்துக்கு இரண்டு மாடி.
பொருளாளர் செபமாலை கணக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"சுவருமில்லை, கூரையுமில்லை.
சல்லியைச் சல்லியாக்கிப் புதைக்கிறியள், என்ன பிள்ளை?"
பிறகு, குரலைத் தாழ்த்தாமல்:
"எங்கடை நிலம் நடுங்கினது கனதரம்.
ஒருதரமும் கீழையிருந்து இல்லை."

அதற்கு என்னிடம் மறுமொழி இருக்கவில்லை.
பேனையை எடுத்தேன்.

மண் பார்த்த வாகீசனிடம் இருந்தது ஒரு தாள்.
துளை போட்டு, குழாயின் தலையில்
சுத்தியல் விழ விழ எண்ணிய தாள்.
பத்தடிக்குக் கீழே
ஓரடி இறங்க நாலே அடி.
ஆழத்துக்கும் விழுகைக்கும் ஒரே சொல்;
நான் ஒருமுறை இரண்டையும் சேர்த்துக் கூட்டிவிட்டேன்.
அவன் சிரிக்கவில்லை.
"எப்ப வருமெண்டு எனக்குத் தெரியாது அக்கா.
வந்தால் இந்த மண் என்ன செய்யுமெண்டு தெரியும்."

மணலுக்கு மணல் தோள் கொடுத்துத்தான்
ஒரு கட்டடம் நிற்கிறது.
உலுக்கினால் தோள் விலகும்,
அவ்வளவு பாரமும் இடையில் நிற்கும் தண்ணீரின் தலையில்.
தண்ணீருக்குச் சுமக்கத் தெரியாது.
ஓடத்தான் தெரியும்.
ஓட வழியில்லாவிட்டால்
மண்ணையும் தண்ணீராக்கிக் கொண்டு ஓடும்.

இதெல்லாம் அவன் சொல்லி நான் எழுதியதல்ல.
தை மாதம், மழை விட்டுப் பதினோராம் நாள்,
டெஸ்மன் அதிர்வு உருளையை ஓட்டினான்.
மூன்றாம் சுற்றில்
கிழக்கு மூலை பால்கட்டிபோல் ஆடியது.
நண்டு வளை வளையாய் வாய் திறந்து
நிலம் சேறு துப்பியது.
அடுக்கி வைத்த சீமெந்துக் கல்லில் கீழ்வரிசை காணவில்லை.
தண்ணீர்ப் பீப்பா சாய்ந்தது,
யாரோ நட்டுவிட்டுப் போன மண்வெட்டி
பிடிவரை இறங்கியது, மெதுவாக, மரியாதையாக.
டெஸ்மன் யந்திரத்தை நிறுத்திவிட்டு
இறங்கப் பயந்து மேலேயே இருந்தான்.

மேற்கு மூலையில் மட்டும்
வாகீசன் பரீட்சைக்குப் போட்ட மூன்று தூண்கள்.
அங்கே கல்லிடுக்கால் தண்ணீர் வந்தது,
தெளிவாக, ஒரு மணி மணலும் இல்லாமல்,
அவசரப்படாத ஆளைப்போல.
அந்தப் பக்கத்துக் கல்லடுக்கு அசையவில்லை.

கழிப்பறைக் கதவு பற்றிச் சண்டைபிடிக்க வந்த செபமாலை
ஒற்றைச் செருப்போடு நின்றார்;
மற்றது சேற்றுக்குள்.
குனிந்து விரலால் தொட்டு நாக்கில் வைத்தார்.
"உப்பு" என்றார்.
கொஞ்சநேரம் கழித்து:
"தொண்ணூறு காணாதோ?"

காணாது.
வாசலுக்கு எழுதியிருந்த பளிங்குக்கல் போனது,
நன்கொடையாளர் பெயர்ப்பலகை பாதியானது,
அதற்கு இரண்டு கூட்டமும் ஒரு கோபமும்.
சிவப்பு மை அழியாது.
வெட்டிய வரிக்குப் பக்கத்தில்
"இருக்கட்டும்" என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன்.

திறப்பு விழாவில் நாடா வெட்டினார்கள்.
குளிரறைக்குக் கைதட்டல், மாடிக்குக் கைதட்டல்.
நூற்றுப் பன்னிரண்டின் பெயரை ஒருவரும் எடுக்கவில்லை.
இருட்டில் நிற்கின்றன,
இன்றுவரை செய்ய வேலை வராத ஆட்கள்.

மாதக்கணக்குப் பார்க்கப் போகும்போது
ஐஸ் யந்திரம் ஓடத் தொடங்கும்,
தரை சற்றே அதிரும்.
நான் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பேன்,
கீழே ஏதும் நகர்கிறதா என்று.
உள்ளங்கால் குளிரும்.
"ஆணி குத்திப்போட்டுதோ அக்கா?" என்று கேட்பார்கள்
கூடை தூக்கும் பெடியள்.